பேரங்காடியில் பொன்னி வாங்கப் போகிறீர்களா?



லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் மகனின் காரில் பட்டணத்துப் பேரங்காடிக்குப் போய் மொத்தமாகச் சாமான் வாங்கி வருவது அவர் வழக்கமாம். பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் பழகிப்போன சாமான்கள். அரிசி அடுக்கியிருக்கும் இடத்துக்கு வந்தால்தான் தலை சுற்றுகிறதாம். பொன்னி என்ற பெயரில் மட்டும் ஏழெட்டு மூட்டைகள். ஒன்றில் கோயில் படம், ஒன்றில் மயில் படம், ஒன்றில் பெண் படம். விலை குறைந்ததை வாங்கினால் சோறு பசைபோல் ஒட்டுகிறது. விலை கூடியதை வாங்கினால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். இதில் எது உண்மையான மலிவு என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இந்த மாதம் முழுக்க அரிசியைப் பற்றியே பேசுவோம்.

தோட்டக் கடை ஒன்றே கதி என்றிருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடைக்காரர் எந்த மூட்டையைப் பிரித்தாரோ அதுதான் அரிசி. கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கொடுப்பார். சம்பள நாளன்று கழித்துக்கொள்வார். அரிசி மோசம் என்று சொல்ல வாய் வராது, பற்று நிற்கிறதே! அந்தக் கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் பால்மரம் வெட்ட முடியாமல் வேலை நின்ற நாள்களில் பல லயங்களில் அடுப்பு எரிந்தது அவர் கொடுத்த கடனால்தான். அதற்கும் முந்திய கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் போன்ற வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. 1942 இல் ஜப்பானியர் வந்ததும் கப்பல் நின்றது. மூன்றரை ஆண்டு மரவள்ளிக் கிழங்கே சோறு.

இப்போது நிலைமை தலைகீழ். கையில் ரொக்கம், முன்னால் பத்து மூட்டை. கூலாய், குளுவாங், சிகாமட், பத்து பகாட் என்று ஜொகூரில் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் கிடங்கு போன்ற பெரிய கடை ஒன்று இருக்கிறது. முன்பு மக்ரோ என்றொரு மொத்த விற்பனைக் கிடங்கு இருந்ததே, நினைவிருக்கிறதா? உறுப்பினர் அட்டை காட்டித்தான் உள்ளே போக வேண்டும். 2006 இல் டெஸ்கோ அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2021 இல் அந்த டெஸ்கோவின் பெயரே லோட்டஸ் என்று மாறியது. மைடின் கதை இன்னும் சுவையானது. 1957 இல் கிளந்தான், கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் தொடங்கிய சின்னக் கடை அது. இன்று ஸ்கூடாய் முத்தியாரா ரினி வரை வந்துவிட்டது. கடைகள் பெரிதானதில் நமக்கு லாபம் உண்டு. ஆனால் கடைக்காரர் நமக்காகத் தேர்ந்தெடுத்த காலம் போய்விட்டது. தேர்ந்தெடுக்கும் வேலை இப்போது நம் தலையில்.

இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் மாதம் 20 வெள்ளி, ஆண்டுக்கு 240 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு 240 வெள்ளி என்பது இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் சப்பாத்தும்.

முதலில், பொன்னி விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் விளையும் உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் விலை கட்டியிருக்கிறது. 2023 இல் அந்த விலை 10 கிலோவுக்கு 26 வெள்ளி. பொன்னி இந்தியாவிலிருந்து வருவது. அதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2023 ஜூலை 20 ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு நூற்றுக்கு 20 ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பர் முதல் தேதி இங்கே பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். கடை அடுக்குகள் காலியாயின. அந்த மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2024 செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கியது. அக்டோபரில் புழுங்கலுக்கான வரியையும் எடுத்துவிட்டது. ஆகவே கடைக்காரர் இன்னமும் இந்தியத் தடையைக் காரணம் காட்டி விலை சொன்னால், அந்தக் காரணம் 2024 ஆம் ஆண்டோடு போய்விட்டது என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

இனி பொன்னி என்ற பெயருக்கு வருவோம். பொன்னி என்றால் காவிரி. ஆகவே அது முழுக்க முழுக்கத் தஞ்சாவூர்ச் சரக்கு என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். அதன் பூர்வீகத்தைக் கேட்டால் வியப்பீர்கள். 1950களில் ஒரிசாவின் கட்டாக் நகரில் நெல் இனங்களைக் கலந்து புதிய இனம் காணும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லோடு, நம் மலாயாவின் மாயாங் எபோஸ் என்ற நெல்லைச் சேர்த்தார்கள். அந்த விதைகளை இங்கே விளைவித்துப் பொறுக்கி எடுத்து, 1965 இல் மலேசியாவில் வெளியிட்ட இனத்துக்கு மசூரி என்று பெயர் வைத்தார்கள். லங்காவித் தீவுக் கதையில் வருகிற அதே மசூரி! அந்த நெல் இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டில் பொன்னி ஆனது. 1986 இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை மேலும் தேர்ந்து, மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. ஆக, நாம் ஊர் அரிசி என்று ஆசையாக வாங்கும் பொன்னிக்கு இந்த மண்ணிலும் ஒரு தாய் வீடு உண்டு. நம்மைப் போலவே அதுவும் கடல் தாண்டிப் பிழைத்திருக்கிறது.

இந்தப் பெயர் ஒருமுறை கோர்ட்டுப் படியும் ஏறியது. நம் ஜொகூர், பத்து பகாட்டைச் சேர்ந்த ஓர் அரிசி நிறுவனம் பொன்னி என்ற சொல்லை மலேசியாவில் தன் வர்த்தகச் சின்னமாகப் பதிந்திருந்தது. பொன்னி என்பது நெல்லின் பெயர், ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக முடியாது என்று இந்திய அரசின் ஏற்றுமதி வாரியமான அப்பேடா இங்கே வழக்குத் தொடுத்தது. வழக்கின் சட்ட நுணுக்கம் நமக்கு வேண்டாம். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் நெல் வேறாக இருக்கலாம் என்பது மட்டும் மனத்தில் இருக்கட்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பி.பி.டி. அரிசி என்றால் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த 5204 என்ற சன்ன ரகம். இங்கே அரசாங்க அறிவிப்பில் பி.பி.டி. என்றால் பெராஸ் பூத்தே தெம்பாத்தான், அதாவது உள்ளூர் வெள்ளை அரிசி. ஊரிலிருந்து வந்த உறவினர் பி.பி.டி. நல்ல அரிசி என்றாரே என்று நம்பி இங்கே வாங்கினால் வேறு சோறுதான் கிடைக்கும்.

சரி, மூட்டையைத் திருப்புங்கள். முன்பக்கத்துக் கோயிலும் மயிலும் அச்சகத்தார் வேலை. விஷயம் எல்லாம் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அல்லது படிக்கிற பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.

பெராஸ் ரெபுஸ் என்றோ, ஆங்கிலத்தில் பார்பாயில்டு என்றோ இருந்தால் அது புழுங்கல் அரிசி. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதன்பின் குத்தியது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மணி இறுகுவதால் ஆலையில் அதிகம் உடைவதில்லை. சோறு உதிரியாக நிற்கும்; மறுநாள் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் கூழாகாது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர் பத்து மணிக்குத் திறந்து சாப்பிடும் சோற்றுக்கு இதைவிட ஏற்ற அரிசி இல்லை. ஸ்டீம் என்று மட்டும் போட்டிருந்தால் அது ஆவி காட்டியது. புழுங்கலைப்போல் முழுக்க அவித்ததல்ல. பார்வைக்கு வெள்ளையாக இருக்கும், சோறு மெதுவாக இருக்கும். இரண்டும் பொன்னிதான், ஆனால் பானையில் ஒன்றல்ல. இட்லிக்கு இந்த இரண்டும் வேண்டாம். குட்டையாக, தடிப்பாக இருக்கும் இட்லி அரிசி என்று தனியே விற்பதை வாங்குங்கள். விலையும் பெரும்பாலும் குறைவு. சன்னப் பொன்னியை அரைத்து இட்லி ஊற்றுவது பட்டுச் சேலையைக் கிழித்து அடுப்புத் துணி ஆக்குவது போல!

ஹன்சோர் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு எண் இருக்கும். எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு குருணை என்பதுதான் அது. 5 என்றால் நல்ல அரிசி. 15 என்றால் விலை குறைவாக இருக்க வேண்டும். குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கஞ்சிக்கும் பொங்கலுக்கும் குருணை கலந்தது தாராளமாகப் போதும். வீட்டில் கைக்குழந்தையோ பல்லில்லாத பெரியவரோ இருந்தால் அதையே தனியாகச் சின்னப் பையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

அடுத்தது வயது. அரிசிக்கு வயதா என்று கேட்காதீர்கள். ஜொகூர் பாருவின் சில பேரங்காடிகளில் தனியே ஒதுக்கிய ஒரு மூலையில் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை மதுப் போத்தல்கள் நிற்கும். அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம். குடி நம் லயங்களைப் படுத்தியது போதும். ஆனால் அதை வாங்க வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். போத்தலைத் தூக்கி, எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு விளைந்தது, யார் அடைத்தது என்று நின்று நிதானமாகப் படித்த பிறகுதான் கூடையில் வைப்பார்கள். எப்போதோ ஒருநாள் குடிக்கிற போத்தலுக்கே அத்தனை ஆராய்ச்சி. நாளைக்கு இரண்டு வேளை உண்கிற அரிசிக்கு நாம் அரை நிமிடமாவது நிற்க வேண்டாமா?

அறுத்த சூட்டோடு குத்திய புது அரிசி குழையும், ஒட்டும், கஞ்சி கெட்டியாக வரும். ஆறு மாதம், ஓர் ஆண்டு கிடப்பில் இருந்த பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், நீளமாக மலரும், உதிரியாகும். ஒரே அளவு அரிசியில் பானை நிறையச் சோறு காணும் என்று கிழவிகள் பழைய அரிசியைத் தேடியது வீண் பெருமைக்காக அல்ல. லாயாங்-லாயாங் சகோதரியின் மலிவு மூட்டை பசைபோல் ஒட்டியதே, பெரும்பாலும் அது புது அரிசியாகவோ, புழுங்கல் அல்லாததாகவோ இருந்திருக்கும். சில மூட்டைகளில் பழைய அரிசி என்று தமிழிலேயே அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால், அடைத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையில் கண்ணாடிபோன்ற பகுதி இருந்தால் அதன் வழியாக மணியைப் பாருங்கள். நல்ல புழுங்கல் மணி முழுக்க ஒரே நிறமாக, இலேசான மஞ்சளோடு, பளிங்குபோல் இருக்கும். நடுவயிற்றில் சுண்ணாம்புபோல் வெள்ளை தெரிந்தால் சரியாக அவிக்காதது. அடியில் மாவு தங்கியிருந்தால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மூட்டையைத் தொடவே வேண்டாம்.

இப்போது விலைக் கணக்கு. பெரிய மூட்டை என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு தூக்காதீர்கள். ஒரு பேச்சுக்கு, 5 கிலோ 23 வெள்ளி 50 காசு, 10 கிலோ 48 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சின்னது கிலோ 4 வெள்ளி 70 காசு, பெரியது 4 வெள்ளி 80 காசு. இரண்டு சின்ன மூட்டை வாங்கினால் ஒரு வெள்ளி மிச்சம். சலுகை விலை போடும் வாரங்களில் இப்படி அடிக்கடி நடக்கும். கைப்பேசியில் கணக்குப் போடும் வசதி இருக்கிறது. விலையை எடையால் வகுக்க எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் கிலோ விலையோடு கணக்கு முடிந்துவிடாது. நாம் உண்பது அரிசியை அல்ல, சோற்றை. புதிய மார்க் ஒன்றைப் பார்த்தால் முதலில் சின்னப் பை வாங்குங்கள். வீட்டில் பால் டின்னால் ஒரு டின் வழக்கமான அரிசியும், ஒரு டின் புதியதும் தனித்தனியே வடித்துப் பாருங்கள். எதில் சோறு அதிகம் காண்கிறது, எது மாலைவரை நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் எதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். கிலோவுக்கு 30 காசு கூடிய அரிசி ஒரு பிடி சோறு அதிகம் கொடுத்து, குப்பைக்கும் போகாமல் இருந்தால் அதுவே மலிவு. மறுபக்கம், இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லையா? மயில் படத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள், குறைந்த விலையிலேயே நில்லுங்கள். இந்தச் சோதனையை ஒரு முறை செய்துவிட்டால் ஓராண்டுக்குக் கவலையில்லை.

2025 இல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் சாரா உதவியாக அடையாள அட்டையில் 100 வெள்ளி வந்ததே, அப்போது பலர் அவசர அவசரமாகக் கண்ணில் பட்ட மூட்டையைத் தூக்கி வந்ததைப் பார்த்தோம். அரசாங்கப் பணமானாலும் அது உங்கள் பணம்தான். அதற்கும் இதே கணக்குதான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடப் பொன்னி வாங்குகிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று பேச்சு. புழுங்கல் அரிசிச் சோறு வெள்ளைப் பச்சரிசிச் சோற்றைவிடச் சற்று மெதுவாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பது பொதுவாக உண்மை. அதற்காக மூன்று தட்டுச் சாப்பிட்டால் பலன் போயிற்று! 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் இனத்தில் அது இன்னும் அதிகம். மூட்டையில் மூலிகை, டயபெட்டிக் என்று அச்சடித்து விலையைக் கூட்டியிருந்தால், அந்தக் கூடுதல் காசுக்குக் கொஞ்சம் பச்சைக் கீரையும் நெத்திலியும் வாங்கித் தட்டில் சோற்றைக் குறையுங்கள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அரிசியை நம்பி நிறுத்திவிடவே கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று நான்கு மூட்டை வாங்கி அடுக்குவதும் இந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு ஆகாது. நம் ஜொகூர் ஈரத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் வண்டுக்குத்தான் விருந்து. ஒரு மாதத்துக்கு வேண்டியது, அதற்கு மேல் ஒரு சின்ன மூட்டை, போதும். சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் பலகை போட்டு வையுங்கள். பிரித்ததும் இறுக மூடும் டின்னில் கொட்டி, காய்ந்த மிளகாய் நாலைந்தோ, நன்றாக உலர்ந்த வேப்பிலை ஒரு பிடியோ போடுங்கள். ஈர வேப்பிலை போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ப்பெட்டியில் இடமிருந்தால் புதிதாக வாங்கிய சின்னப் பையை உறைபெட்டியில் மூன்று நான்கு நாள் வைத்து எடுத்தால் வண்டு முட்டையும் செத்துப்போகும். பழைய டின்னில் மிச்சமிருக்கும் அரிசியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டின்னைக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

ரசீதை எறியாதீர்கள். மூட்டையைப் பிரித்ததும் புழுவோ, நாற்றமோ, எடைக் குறைவோ கண்டால், அந்த மூட்டையையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் பயனீட்டாளர் வழக்கு மன்றம் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டை அரிசிக்காகவா என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், சகோதரிகளே. தோட்டக் கடையில் பற்றுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்தது போல, கைக்காசு கொடுத்து வாங்கும் கடையிலும் இருக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் சமையல் எண்ணெய். பையில் வரும் சலுகை விலை எண்ணெய் உங்கள் பகுதிக் கடையில் ஒழுங்காகக் கிடைக்கிறதா இல்லையா என்பதை, கடையின் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரை மட்டும் போட்டு எழுதுங்கள்.